ஆயுத பூஜைக்கு மட்டும் கம்ப்யூட்டர்

பொதுச் சுகாதாரம் படிக்கிற பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் எதற்கு? நம் கல்லூரி நிர்வாகங்கள் இதை வாய்விட்டுக் கேட்பதில்லை. அறையைப் பூட்டி வைத்துக் கேட்கின்றன.

அப்படி ஓர் அறையை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். பாதிப் பேர் தங்கள் கல்லூரி என்றே நினைத்துக்கொள்வார்கள். கதவில் ‘காலணிகளை வெளியே விடவும்’ என்று பலகை. உள்ளே வரிசையாகத் திரைகள், கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறையோடு. உறைக்கு மேலேயே சந்தனப் பொட்டு, குங்குமம். ஜன்னலோரக் கீபோர்டின் இடுக்கில் ஆயுத பூஜைப் பொரி. ஆய்வேட்டுக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற முதுகலை மாணவி, “அண்ணே, சாவி?” என்றாள். “சூப்பிரண்டு சார்கிட்ட இருக்கும்மா. இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்குத்தான் திறப்போம்” என்றார் அட்டெண்டர். அவர் மேல் குற்றமில்லை. உள்ளதைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

பூட்டி வைத்து எப்போதாவது காட்டும் இந்த ஏற்பாடு காஞ்சிபுரத்துக்காரர்களுக்குப் புதிதில்லை. கோயிலின் அனந்தசரஸ் குளத்துக்குள் நாற்பது ஆண்டு இருந்த பெருமாள் அத்திவரதர் 2019 ஜூலை 1-இல் தரிசனம் தரத் தொடங்கினார். ஆகஸ்ட் 17-இல் மறுபடி குளத்துக்குள் போனார். இனி 2059. பெருமாளாவது 48 நாள் முகம் காட்டினார், அதுவும் வந்தவர்க்கெல்லாம். நம் கம்ப்யூட்டர் லேபுக்கு ஒரே நாள் உற்சவம், சேவை ஆய்வுக்குழுவுக்கு மட்டும்.

அந்த 48 நாளில் ஊருக்கு ஒரு கோடிப் பேர் வந்துபோனதாகக் கணக்கு. வெயில், குடிநீர், கழிப்பறை, மயக்கம், நெரிசல், நெரிசலில் போன உயிர்கள் என்று பொதுச் சுகாதாரப் பாடநூல் முழுதும் சன்னதித் தெருவில் வந்து நின்றது. அதைப் படிக்க ஓர் அரசு மருத்துவக் கல்லூரியாவது மிஞ்சியதா? அந்த ஆண்டே நவம்பர் 29-இல் மாவட்டத்தைப் பிரித்தார்கள். 1965-இல் தொடங்கிய செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. 2022 ஜனவரி 12-இல் தமிழ்நாட்டுக்கு ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்கள். அந்தப் பட்டியலில் காஞ்சிபுரம் இல்லை. இத்தனைக்கும் 1939-லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் கொண்டுவந்த மாகாணம் இது. சட்டம் போட்டதோடு கை கழுவிவிட்டோம், சுகாதாரமாக.

ஊரில் கம்ப்யூட்டரே இல்லை என்று பழி சொல்லக் கூடாது. இருக்கிறது, பட்டுக்கு. பிள்ளையார்பாளையத்தில் சேலை பார்டரில் ஓர் அன்னப்பட்சி உட்கார வேண்டுமென்றால் அதன் அலகையும் வாலையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் போட்டு, அட்டையில் துளையடித்து, தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் கோத்துவிடுகிறார்கள். ஓட்டை இருந்தால் இழை தூக்கும், இல்லையென்றால் தூக்காது. இந்தத் துளை அட்டை உத்தியைத்தான் அமெரிக்காவில் ஹெர்மன் ஹாலரித் மனிதர்களை எண்ணும் இயந்திரத்துக்குப் பயன்படுத்தினார். அவருக்கு அந்தப் பொறியைத் தட்டிவிட்டவராகச் சொல்லப்படுபவர் ஜான் ஷா பில்லிங்ஸ், ஒரு மருத்துவர். அந்த இயந்திரம் 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் போகும் முன்பே பால்டிமோர் நகரத்தில் இறப்புக் கணக்கைப் போட்டுப் பார்த்தது. ஆக, கம்ப்யூட்டரின் பாட்டன் பார்த்த முதல் வேலைகளில் ஒன்று பொதுச் சுகாதார வேலை. பேரனைத்தான் நாம் பொட்டு வைத்துப் பூட்டியிருக்கிறோம்.

அன்னப்பட்சியின் வாலில் எத்தனை இழை என்று கேளுங்கள், டிசைனர் சொல்வார். அதை நெய்தவரின் முதுகு எந்த வயதில் போனது, கண் எப்போது மங்கியது, தறிக்குழிக்குள் தொங்கிய கால் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். அதை எண்ண வேண்டிய பெண் சாவிக்காக வராந்தாவில் நிற்கிறாள்.

பணமில்லை என்ற பல்லவியை மட்டும் பாட வேண்டாம். புள்ளியியல் மென்பொருள்களில் எபி இன்ஃபோ இலவசம், ஆர் இலவசம். ஒரே நாடு ஒரே சந்தா என்று 13,000 ஆய்விதழ்களுக்கு மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது மத்திய அரசு. அதிலும் அரசு நிறுவனங்களுக்குத்தான் இடம், தனியாரிடம் லட்சக்கணக்கில் கட்டிப் படிக்கும் பிள்ளைக்கு இல்லை. முதுகலை மருத்துவ மாணவர்கள் ஆராய்ச்சி முறையியலில் ஒரு படிப்பை முடித்தே தீர வேண்டும் என்பது விதி. அதுவும் ஆன்லைனில். எந்த இணையத்தில்? மாணவியின் சொந்த செல்போனில், மொட்டை மாடியில், சிக்னல் வரும் மூலையில். பிறகு நாலு தலைமுறை சீனியர்கள் கைமாற்றிய பென் டிரைவிலிருந்து திருட்டு எஸ்.பி.எஸ்.எஸ். அதுவும் ஓடவில்லையா, ‘ஸ்டாட்டிஸ்டிக்ஸ் போட்டுத் தரப்படும்’ என்பவரிடம் காசு கொடுத்தால் ‘பி வேல்யூ’ கேட்ட இடத்தில் வந்து உட்காரும். நாளை இவள் ஒரு மாவட்டத்தின் டெங்குக் கணக்கைப் பார்க்கப்போகிறாள். திருட்டு மென்பொருளையும் விலைக்கு வாங்கிய கணக்கையும் சொல்லிக்கொடுத்துவிட்டு, அன்றைக்கு அவளிடம் நேர்மையை எதிர்பார்ப்போம்.

ஆய்வுக்குழு இதையெல்லாம் பார்க்காதா? பார்க்கும், பார்க்க வேண்டியதை. 2025 ஜூன் 30-இல் மருத்துவக் கல்லூரி ஆய்வு முறைகேடு பற்றி சி.பி.ஐ. பதிந்த வழக்கில் சுகாதார அமைச்சக அதிகாரிகள் முதல் தனியார் கல்லூரிக்காரர்கள் வரை முப்பதுக்கும் மேற்பட்டவர்கள். போலிப் பேராசிரியர்கள், படுக்கையை நிரப்பப் பொய் நோயாளிகள், ஆய்வு நடக்கும் தேதியை முன்னதாகவே கசியவிட்டது என்பவை குற்றச்சாட்டுகள். பொய் நோயாளியைப் படுக்கவைக்கத் தெரிந்தவர்களுக்குக் கம்ப்யூட்டரை ஒரு நாள் எழுப்பி உட்காரவைப்பதா கஷ்டம்?

ஆகவே பெரியவர்களிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. உங்களுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிற அந்த இன்ஸ்பெக்‌ஷன் தேதியை மாணவர்களின் காதிலும் போட்டுவையுங்கள். அறை திறந்திருக்கும் அந்த ஒரு நாளில், உங்கள் குழு சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்து, அவர்கள் ஓடிவந்து ஆய்வேட்டுக் கணக்கைப் போட்டுக்கொள்ளட்டும். பிளாஸ்டிக் உறையைக் கிழிக்க மாட்டார்கள்.