நாகலாபுரத்து நாய்களும் பயிற்சிக் கோட்பாடுகளும்: ஒரு முதற்கட்ட ஆய்வு

நாய்க்கு எந்தப் பயிற்சி பொருத்தம் என்பதில் உலக அறிஞர்கள் கட்சி கட்டிக்கொண்டு கிடக்கிறார்கள். எல்லாக் கட்சிக்கும் நாகலாபுரத்தில் கிளை உண்டு என நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம்.

மூத்தது தின்பண்டக் கட்சி. செரிமான ஆராய்ச்சிக்காக 1904இல் நோபல் பரிசு வாங்கிய பாவ்லவ், மணியோசை கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊறும்படி செய்தார் என்பர். நம்மூரில் நாயின் பெயரே மணி என்பதால் இச்சோதனையை இங்கே நடத்த இயலவில்லை. ஆனால் உளவியலாளர் ஸ்கின்னரின் கொள்கைக்கு டீக்கடை வாசலே சாட்சி. எப்போதாவது மட்டும் தீனி கிடைத்தால்தான் பழக்கம் லேசில் விடாது என்று அவரும் ஃபெர்ஸ்டரும் 1957இல் தடித்த புத்தகம் போட்டார்கள். இங்கே யாரோ ஒருவர் உளுந்தவடையின் கருகிய ஓரத்தைப் பிய்த்துப் போடுகிறார். அவர் யாரென்று முன்கூட்டித் தெரியாததால், செவலை நாய் ஒன்று பெஞ்சில் இருக்கிற எல்லார் கையையும் வரிசையாகப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது. அதை உட்காரச் சொல்லி யாரும் கட்டளையிடவில்லை என்பது குறிக்கத்தக்கது.

அடுத்தது கம்புக் கட்சி. கம்பு கையில் இருக்கும்வரை செல்லும்.

கிடைக் கட்சிதான் ஆழமானது. அறுப்பு முடிந்த கரிசலில் எருவுக்காக ஆட்டுக்கிடை போடுவார்கள். காவல் நாய்க்கு அங்கே யாரும் வகுப்பெடுப்பதில்லை. பால்குடி மறந்த நாய்க்குட்டி, ஆடுகளிடம் முட்டு வாங்கி, அவற்றின் சூட்டிலேயே தூங்கி, பெரிய நாய் குரைக்கும் திசையில் தானும் குரைத்துப் பழகும். 3 முதல் 12 வாரத்துக்குள் யாரோடு பழகுகிறதோ அவர்களையே நாய் தன் கூட்டமாகக் கொள்ளும் என்று ஸ்காட்டும் ஃபுல்லரும் 1965இல் அமெரிக்காவில் அச்சிட்டார்கள். கிடைக்காரர் எதையும் அச்சிடவில்லை. விடிந்தால் அவருக்கு ஆடு எண்ணுகிற வேலை.

எந்தக் கோட்பாட்டுக்கும் அடங்காதவை கன்னி, சிப்பிப்பாறை என்ற வேட்டை நாய் இனங்கள். கண்ணால் கண்டதை, ஆளைக் கேளாமல் விரட்டவே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. கம்மங்காட்டில் முயல் கிளம்பிவிட்டால் பெயர், பிஸ்கட், கம்பு எதுவும் காதில் ஏறாது. முயல் வேட்டை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இத்தகவல் நாய்க்கு முறைப்படி அறிவிக்கப்படவில்லை.

ஆகவே, காவலுக்கு நாட்டுக்குட்டி எடுத்தவர்கள் மூன்று மாதத்துக்குள் ஆள், ஆடு, கோழி எல்லாவற்றோடும் அதைப் பழக விடவும். கன்னி வாங்கியவர்கள் காட்டில் நின்று கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாமல், உறுதியான கயிறு ஒன்று வாங்கிக்கொள்ளவும்.