தட்டிக்கேட்டவருக்குத் துணை யார்?

● நண்டலாறு சோதனைச் சாவடியில் வண்டி வண்டியாய்ப் பார்க்கிறார்கள். காரைக்கால் சரக்கு நின்றபாடில்லையே?
(பொறையாறு வாசகர்)

ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்கால். அங்கே சாராயக்கடைக்கு உரிமம் உண்டு, விலையும் குறைவு. இந்தப் பக்கம் சாராயம் விற்பதே குற்றம். ஸ்கூட்டர் சீட்டுக்கடியில் பாட்டில் கொண்டுவருபவன் மாட்டிக்கொள்கிறான். அவனுக்கு மொத்தமாக எடுத்துக்கொடுத்தவன் மறுநாள் வேறு ஆளை அனுப்புகிறான். இரண்டு பக்கக் காவல்துறையும் சேர்ந்து அந்த மொத்த வியாபாரியைப் பிடிக்காதவரை சாவடிக்கு ஓய்வே கிடையாது.

● பள்ளியில் போதை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கவைப்பதால் பயன் உண்டா?
(ஆக்கூர் ஆசிரியர்)

உண்டு, வாசலையும் கவனித்தால். 2022 ஆகஸ்டில் அரசு தொடங்கிய இயக்கத்தில் மாநிலம் முழுக்க மாணவர்கள் உறுதிமொழி எடுத்தார்கள். பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்பது 2003ஆம் வருடச் சட்டம். பக்கத்துப் பெட்டிக்கடையில் 'கூல் லிப்' புகையிலை கேட்டால் கிடைக்கிறதா? அதைத் தடுத்துவிட்டுப் பிள்ளைகளைக் கை நீட்டச் சொல்லுங்கள்.

● கள்ளச்சாராயம் விற்பவனைப் பற்றிப் புகார் சொல்லப் பயமாக இருக்கிறது.
(செம்பனார்கோவில் வாசகி)

உங்கள் பயம் நியாயமானது. 2025 பிப்ரவரியில் நம் மயிலாடுதுறை மாவட்டத்து முட்டம் கிராமத்தில் இரண்டு இளைஞர்களைக் குத்திக் கொன்றார்கள். சாராய விற்பனையைத் தட்டிக்கேட்டதுதான் காரணம் என்றார்கள் ஊர்மக்கள். முன்விரோதம் என்றது காவல்துறை. எதுவானாலும் அதற்குப் பிறகு வாய்திறக்க யாருக்குத் துணிச்சல் வரும்? ஆனால் சொல்லாமல் இருப்பதும் ஆபத்துதான். 2024இல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. அந்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி, சாவுக்குக் காரணமானவர்களுக்கு ஆயுள் தண்டனை வரை வைத்தார்கள். நல்லது. ஆனால் அது செத்தபின் வரும் சட்டம். 10581க்குப் பேசினால் மதுவிலக்குப் பிரிவுக்குத் தகவல் போகும். சொன்னவர் பெயர் விற்பவன் காதுக்குப் போனால், போகவிட்ட அதிகாரிக்கும் தண்டனை வேண்டும். நான் அரசிடம் முதலில் கேட்பது இதைத்தான்.

● மகன் கஞ்சா பிடிக்கிறான். வெளியே சொன்னால் ஜெயிலில் போட்டுவிடுவார்களோ?
(தரங்கம்பாடி தாய்)

மறைக்காதீர்கள், அம்மா. அடிமையானவர் சிறிய அளவில் வைத்திருந்து பிடிபட்டாலும், தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு அது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு பறிபோகும். விற்றவனுக்கு இது பொருந்தாது. மனநல உதவி எண் 14416க்குப் பேசுங்கள், செலவில்லை, தமிழிலேயே வழி சொல்வார்கள். பிறகு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். கஞ்சாவை நிறுத்தியதும் தூக்கம் வராமல் எரிந்து விழுவான்; அந்த நாட்களில் அவனைத் தனியே விடாதீர்கள். சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்ற கவலை அப்புறம் இருக்கட்டும்.