டைல்ஸ் சந்தி இலக்கணம்: ஒரு முன்னாய்வு

நிலைமொழியும் வருமொழியும் சந்திக்கும் இடத்தில் என்னென்ன நேரும் என்பதைப் பவணந்தி முனிவர் நன்னூலில் விரிவாகவே சொல்லிவிட்டார். நிலைடைலும் வருடைலும் சந்திக்கும் இடத்தைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. அந்தக் குறையை நீக்கவே இக்கட்டுரை.

முதலில் இயல்பு புணர்ச்சி. இடையில் ஒன்றும் தோன்றாமல் டைலோடு டைலை முட்டவைப்பது. "கேப்பே தெரியாது சார், கண்ணாடி மாதிரி இருக்கும்" என்பார் டைல்ஸ் மேஸ்திரி. இருக்கும்தான். ஆனால் வெயிலில் விரிவதற்குத் தரைக்குக் கொஞ்சம் இடம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் ஏதோ ஒரு சித்திரை மதியத்தில் டமாலென்ற ஓசையோடு இரண்டு டைல்ஸ் கூடாரம்போல் எழுந்து நிற்கும். அப்போது வீட்டுக்காரர் சொல்லும் சொல் எந்த நிகண்டிலும் இல்லை.

ஆகவே, உயிரும் உயிரும் சந்தித்தால் நடுவே உடம்படுமெய் வருவதுபோல, டைலுக்கும் டைலுக்கும் நடுவே இடைவெளியை நிரப்பும் கிரவுட் வரவேண்டும். எத்தனை மாத்திரை? இடைவெளிக்காக வைக்கும் ஸ்பேசர் 2 மி.மீ.யா, 3 மி.மீ.யா என்று எங்கள் வீட்டில் மூன்று நாள் கருத்தரங்கு நடந்தது. 600 மி.மீ. சதுர டைலுக்கு 3 மி.மீ. விட்டால் கோடுகள் பிடிக்கும் இடம் மொத்தத் தரையில் நூற்றில் ஒரு பங்கு. மீதித் தொண்ணூற்றொன்பது பங்கை, அதாவது டைலை, கடையில் பத்தே நிமிடத்தில் முடிவு செய்திருந்தோம்.

நிறத்துக்கு வருவோம். இங்கேதான் விகாரங்கள் மூன்றும் குடியிருக்கின்றன. சிமெண்ட் கிரவுட் எதையும் உறிஞ்சும். மாப் தண்ணீர், மஞ்சள், தாளிப்பு எண்ணெய் எதற்கும் விலக்கில்லை. அதனால் வெள்ளை பழுப்பாவது திரிதல். பழுப்பைப் போக்க ஆசிட் ஊற்றித் தேய்த்து, கோடே கரைந்துபோவது கெடுதல். அழுக்கே தெரியக் கூடாதென்று கறுப்பு பூசியவர்கள் உண்டு. அவர்கள் வீட்டுக் குளியலறையில் போர் தண்ணீரின் உப்பு வெள்ளைக் கோலம் போடும், இது தோன்றல்.

எபாக்சி கிரவுட் போட்டால் இவற்றில் பெரும்பாலும் தப்பலாம். ஆனால் விலை பல மடங்கு. அதோடு, பூசியதை இறுகுமுன் துடைத்தாக வேண்டும். மேஸ்திரி நடுவில் டீக்கடைக்குப் போனால், டைல் மேல் படலமாய்ப் படிந்தது பிறகு லேசில் வராது.

ஷேடு கார்டில் காணும் நிறம், ஈரத்தில் தெரியும் நிறம், காய்ந்தபின் நிற்கும் நிறம், மூன்றும் பாடபேதங்கள். உடைந்த டைல் துண்டுகள் இரண்டை ஒட்டி, நடுவே பூசி, காயவிட்டுப் பார்ப்பதே மூலபாடம்.

ஆய்வின் முடிவு: 3 மி.மீ., நடுத்தரச் சாம்பல். அது அழுக்குக்கும் உப்புக்கும் ஏறக்குறைய சம தூரத்தில் நிற்கிறது. ஆனால் எங்கள் வீட்டுக் கருத்தரங்கில் ஐவரி நிறத்துக்காக வாதாடி வென்றவன் நான். எங்கள் சமையலறையில் அந்த ஐவரி இப்போது இஞ்சி டீயின் நிறத்தில் இருக்கிறது.