விரலுக்கு என்ன ரேட்?

அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்கு வரும் தம்பிகளே, பவர் பிரஸ்ஸில் கை வைப்பதற்கு முன் ஈ.எஸ்.ஐ. காய அட்டவணையை ஒருதரம் பார்த்துவிடுங்கள். விரலுக்கு விரல் ரேட் போட்டிருக்கிறார்கள். கட்டை விரல் முழுசாகப் போனால், சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போனதாகக் கணக்கு. ஆள்காட்டி விரல் 14, நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ வெறும் 7. எலும்பு தப்பி, சுண்டு விரல் நுனி மட்டும் நறுக்கிக்கொண்டால் 2. சுண்டு விரலைக் கொடுத்து ஏமாந்துவிடாதீர்கள்.

இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். டைக்குள் கை மாட்ட வழியில்லை. மெஷின் செய்தவனுக்கு அவ்வளவு அக்கறை. ஒரு பட்டனை டேப் ஒட்டி அமுக்கியே வைத்தால் ஷிப்டுக்குப் பீஸ் கூடும். ஓட்டுகிறவனுக்கு அவ்வளவு அவசரம். விரல் துண்டானால் மட்டும் 'பையன் கவனக்குறைவு'.

அந்த அட்டவணையில் வலிக்கென்று ஒரு வரி கிடையாது. புண் ஆறி மாதக்கணக்கான பிறகும், இல்லாத விரல் ராத்திரியில் முறுக்குது, எரியுது என்று பையன் ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் போய் நின்றால் பாராசிட்டமால் பத்து. "இல்லாத விரல் எப்படிப்பா வலிக்கும்?" என்ற நக்கல் இலவசம்.

எப்படி வலிக்கும்? அறுபட்ட நரம்பின் முனை முடிச்சாகத் திரண்டு, யாரும் தொடாமலே சேதி அனுப்பும். தண்டுவடம் அதை ஊதிப் பெரிதாக்கும். மூளையின் தொடு உணர்வு வரைபடத்தில் முதுகைவிட விரல்களுக்குத்தான் பெரிய இடம். கான்ட்ராக்டர் மஸ்டர் ரோலில் பையன் பெயரை அடித்துவிட்டார். மூளை விரலை இன்னும் அடிக்கவில்லை. அமிட்ரிப்டிலின், கபாபென்டின் என்று நரம்பு வலிக்குத் தனி மாத்திரைகள் உண்டு. பாராசிட்டமால் இதற்கு வேலைக்காகாது.

நம் ஸ்டான்லியில் மருத்துவம் படித்த நரம்பியல் விஞ்ஞானி வி.எஸ்.ராமச்சந்திரன் 1990களில் கலிஃபோர்னியாவில் ஒரு பெட்டிக்குள் முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தினார். இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையாக மூளைக்குக் காட்டினார். சிலருக்கு வலி விட்டது, எல்லோருக்கும் இல்லை. ஸ்டான்லிக்கும் அம்பத்தூருக்கும் இருபது கிலோமீட்டர்கூட இல்லை. எஸ்டேட்டை ஒட்டிய பட்டரவாக்கத்தில் எந்த சலூனிலும் நாலு கண்ணாடி தொங்கும்.

ரேட் போடும் மெடிக்கல் போர்டுக்குப் போகும்போது ஒரு கண்ணாடியை நீங்களே எடுத்துப் போங்கள், தம்பி. மிச்ச விரலை எண்ணுவதற்காவது அவர்களுக்கு ஆகும்.