பழைய புல்லட்டில் ‘டக் டக்’ ஒலியின் தோற்றமும் மறைவும்: ஓர் ஆய்வுக்கு முன்னுரை

பழைய புல்லட் எஞ்சினுக்குள் எங்கிருந்தோ எழும் ‘டக் டக்’ ஒலியைப் பற்றி இதுவரை நடந்த ஆய்வுகள் அனைத்துக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. அவற்றைச் செய்த மெக்கானிக்குகள் ஒலியைக் கண்டுபிடித்த கையோடு அதை நிறுத்தியும்விட்டார்கள். ஆய்வுப்பொருளை அழித்துவிட்டு அதற்குக் கூலியும் வாங்கிக்கொள்வது எந்த முறையியலில் சேரும்? கல்வெட்டைப் படித்தவர் படித்து முடித்ததும் அதை உளியால் செதுக்கித் தள்ளினால் நாம் சும்மா இருப்போமா? இக்கட்டுரை அந்தத் தவற்றைச் செய்யாது. கடைசி வரியை வாசகர் எட்டும்போதும் ஒலி ஒரு சேதாரமும் இல்லாமல் வண்டிக்குள்ளேயே இருக்கும் என்று உறுதி கூறுகிறோம்.

முதலில் எல்லை வகுத்தல். சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தில் ரெட்டிட்ச் ஊரின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் உருவாக்கிய வார்ப்பிரும்புச் சிலிண்டர் புல்லட் 350தான் இங்கு மூலநூல். 350 என்பது உலக வழக்கு. போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. என்று வைத்துக் கணக்கிட்டால் 346 சி.சி.தான் தேறும். மிச்சம் நான்கு சி.சி. எங்கே போயிற்று என்பது தனி ஆய்வேட்டுக்குரியது. நெறியாளர் கிடைத்தவர்கள் பதிவு செய்துகொள்ளலாம். ரெட்டிட்ச்சில் மூலப்படி நின்றுபோன பின்னும் திருவொற்றியூர்ப் படி பல பத்தாண்டுகள் வெளிவந்தது. அதிலும் இன்று தெருவில் ஓடும் எந்த வண்டியும் ஒருவர் இயற்றிய நூல் அன்று. போர் அடித்துப் பெரிய பிஸ்டன் போட்டவர் ஒருவர், கிராங்க்கை மாற்றியவர் ஒருவர், புதுப்பேட்டையில் கிடைத்த வேறொரு வண்டியின் ஹெட்டைத் தூக்கி வைத்தவர் இன்னொருவர். எது மூலம், எது இடைச்செருகல் என்று பிரித்தறியாமல் ஸ்பேனரைக் கையில் எடுப்பது பதிப்பாசிரியருக்கு அழகல்ல. ஹைட்ராலிக் டேப்பட் கொண்ட பிற்கால யூனிட் எஞ்சின்களை முற்றாக விலக்கியிருக்கிறோம். அந்த டேப்பட் தன் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்கிறது. தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் நூலுக்கு உரையாசிரியர் எதற்கு?

ஒலிகள் பிறக்கும் இடங்களைப் பற்றித் தொல்காப்பியர் பிறப்பியலில் சொன்னதற்கு மேல் புதிதாக ஒன்றும் தேவையில்லை. தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டு இடங்களை அவர் வகுத்தார். புல்லட்டுக்கும் தலை உண்டு. பட்டறையில் அதை ஹெட் என்பர். மிடறு பெண்டு பைப்பு. நெஞ்சு கிராங்க் கேஸ். பல், டைமிங் சக்கரங்களில் வேண்டிய மட்டும் இருக்கிறது. இதழ் வால்வு. மூக்கு கார்புரேட்டர், மூச்சு அதன் வழியாக என்பதால். நாவும் அண்ணமும் எங்கே என்று கேட்போர், பட்டறைக்கு வரும் வண்டிச் சொந்தக்காரரைக் கவனிக்கவேண்டும். ‘எப்படிச் சத்தம் வருது?’ என்று கேட்டதும் அவர் நாவை அண்ணத்தில் ஒட்டி இழுத்து ‘டொக், டொக்’ என்று ஒலித்துக் காட்டுகிறார். வண்டியில் குறைபட்ட இரண்டு உறுப்புகளைத் தன் வாயால் நிரப்பித் தரும் இந்தச் சேவையை வரலாறு இன்னும் பதிவு செய்யவில்லை.

ஒலிகள் முதலொலி, சார்பொலி என இரு வகைப்படும். எஞ்சினுக்குள்ளேயே பிறப்பவை முதலொலிகள். வெளியே இருந்துகொண்டு எஞ்சினின் அதிர்வைச் சார்ந்து வாய் திறப்பவை சார்பொலிகள்: நம்பர் பிளேட், மட்கார்டைத் தாங்கும் கம்பி, செயின் கவர், டூல் பாக்ஸுக்குள் உருளும் ஸ்பேனர். சார்பெழுத்து மூன்று என்றார் தொல்காப்பியர். நன்னூலார் அதைப் பத்தாக்கினார். சார்பொலிகளின் தொகையோ வண்டிக்கு வண்டி, மழைக்காலத்துக்கு மழைக்காலம் கூடிக்கொண்டே போவது. பட்டறைக்கு வரும் மர்மங்களில் கணிசமானவை இவைதாம் என்று சொல்கிறார்கள். இருக்கலாம். ஒரு நட்டை முறுக்கினால் தீர்ந்துபோகும் பொருளில் ஆய்வாளர் காலம் கழிப்பது தகாது. இடப்பக்கத்துப் பிரைமரி செயின் தொய்ந்தால் உறையில் அடிக்கும். அடிக்கட்டும்.

டேப்பட்டுக்கு மட்டும் தனிப் பத்தி தரவேண்டியிருக்கிறது, அது நம் துறைக்கு நேர்ந்த அவமானம் என்பதால். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு வால்வு ஒருமுறை திறந்து மூடும். ஆகவே நிமிடத்துக்கு 1000 சுற்றில் எஞ்சின் நின்று ஓடும்போது ஒரு வால்வு 500 முறை அமரும். கிராங்க்கின் வேகத்தில் பாதி வேகத்தில் கேட்கும் மெல்லிய ‘டிக் டிக்’ டேப்பட் பக்கத்தது என்பது இதனால் பெறப்படும். இதுவரை எண்கள் வந்தன, மகிழ்ச்சி. இடைவெளி எவ்வளவு என்று கேட்டதும் வெட்கக்கேடு தொடங்குகிறது. சிலிண்டரின் அடியில் வலப்பக்கம் உள்ள சிறு மூடியைக் கழற்றி, எஞ்சின் ஆறியிருக்கும்போது, வால்வுகள் இரண்டும் மூடியிருக்கும்படி பிஸ்டனை மேலே நிறுத்தி, புஷ் ராடை விரலால் உருட்டிப் பார்க்கவேண்டும். தடையில்லாமல் சுழலவேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. விதி அவ்வளவுதான். மில்லிமீட்டர் இல்லை, ஃபீலர் கேஜ் இல்லை. யாருடைய விரல்? எண்ணெய் தோய்ந்த விரலா, சோப்பு போட்டுக் கழுவிய விரலா? ‘தடையில்லாமல்’ என்பதன் மேல் வரம்பு என்ன? பட்டறைப் பையனின் விரலுக்குத் தெரிந்திருக்கிறது, ஆனால் அது அடிக்குறிப்பில் ஏறாது. அடிக்குறிப்பில் ஏறாததையும் அறிவு என்று ஒப்புக்கொண்டால் பல துறைகளில் நாற்காலிகள் காலியாகிவிடும். ஆகவே இதை இங்கேயே மூடிவைக்கிறோம்.

இனி நடுப்பொருள். இக்கட்டுரை நிறுவ வந்தது இது: மர்ம ஒலி வண்டியின் பண்பு அன்று, வண்டிக்கும் கேட்பவருக்கும் இடையிலுள்ள உறவு. சான்று யாவரும் அறிந்ததே. பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தியதும் ஒலி நின்றுவிடுகிறது. சொந்தக்காரர் ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறார், இல்லை. மெக்கானிக் பீடியை எடுத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்கிறார், இல்லை. ‘நல்லாத்தானே சார் ஓடுது’ என்கிறார். தெருமுனை திரும்பியதும் ஒலி வந்து சேர்ந்துகொள்கிறது. இந்நிகழ்வுக்குத் தோன்றா எழுவாய் என்று பெயரிடுகிறோம். செயல் நடக்கிறது, பயனிலை கேட்கிறது, செய்தவர் மட்டும் அகப்படுவதில்லை.

இதற்கு எளிய விளக்கம் உண்டென்று ஒரு கட்சி வாதிடுகிறது. அலுமினிய பிஸ்டன், வார்ப்பிரும்புச் சிலிண்டரைவிடச் சூட்டில் அதிகம் விரியும். ஆகவே குளிர்ந்த எஞ்சினில் இரண்டுக்கும் நடுவே இடைவெளி கூடுதல். போர் தேய்ந்திருந்தால் இன்னும் கூடுதல். காலையில் உதைத்துக் கிளப்பியதும் பிஸ்டன் பக்கச் சுவரில் அடிக்கும், சூடேறியதும் அடங்கும். பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு வருவதற்குள் சூடேறிவிடுகிறது. அடுத்து, பிக் எண்ட் தேய்ந்து அடிக்கும் கனத்த சத்தமும், இக்னிஷன் டைமிங் முன்னால் போய்விட்டதால் வரும் நாக்கிங்கும் பாரம் இழுக்கையில்தான் நன்றாகக் கேட்கும்: டாப் கியரில், மேம்பாலம் ஏறும்போது, பின்னால் மச்சான் உட்கார்ந்திருக்கும்போது. பட்டறையில் வண்டி சென்டர் ஸ்டாண்டில் நிற்கிறது. அங்கே இழுப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆகவே இரவே வண்டியை விட்டுவிட்டு, காலையில் ஆறிய எஞ்சினை மெக்கானிக்கே உதைத்துக் கேட்டு, பிறகு ஆளை ஏற்றிக்கொண்டு அவரே ஒரு பாலம் ஏறிவந்தால் மர்மம் தீரும் என்பது இவர்கள் முடிபு.

இம்முடிபை மறுக்கிறோம். தவறு என்பதற்காக அல்ல. நாலு வரியில் அடங்கும் விளக்கத்தை ஏற்றுக்கொண்டால் கருத்தரங்கை எத்தனை நாள் நடத்த முடியும்? மேலும் இவர்கள் அனைவரும் வண்டியை நேரில் தொட்டவர்கள், ஆகவே நடுநிலை பிறழ்ந்தவர்கள். டைமிங் பற்றி இவர்களிடமிருந்து ஒன்றை மட்டும் கடன் வாங்கிக்கொள்கிறோம். பாயிண்ட் தட்டைக் கொஞ்சம் முன்னால் திருப்பினாலே எஞ்சின் வலிதாங்காமல் கத்துகிறது. நூல்களின் காலத்தை முந்நூறு ஆண்டு முன்னால் திருப்பி வைக்கும் அரங்குகளில் கைதட்டல் தவிர வேறு சத்தம் எழுவதில்லை. எஞ்சினுக்கு இருக்கும் கூச்சம் வேறெங்கும் இல்லை.

நம் பக்கத்துச் சான்று எழுத்தில் இருக்கிறது. அது பட்டறை எஸ்டிமேட் சீட்டு. எழுதியவர் பெயர் இல்லை, தேதி இல்லை, பாதி கிரீஸில் மறைந்திருக்கிறது. நம்பகமான மூலத்துக்குரிய இலக்கணம் முழுதும் நிறைந்தது. அப்படியொரு சீட்டில் ‘சத்தம் பார்த்தது 180’ என்று ஒரு வரி இருப்பதாகவும், 180ஐ அடுத்து ஒரு சிறு வட்டம் கிடப்பதாகவும் கொள்வோம். அது சுழியா, எண்ணெய்த் துளியா? சுழி என்பது பட்டறைப் பாடம், தொகை 1800. துளி என்பது சொந்தக்காரர் பாடம், தொகை 180. இரண்டையும் ஒப்புநோக்கும் பழைய உரைகாரர், துளியாயின் தாளின் மறுபக்கமும் ஊறியிருக்கும், ஊறியிருக்கிறது, எனவே துளியே என்று முடிப்பார். அவரை மறுக்கும் புத்துரைகாரர், அப்பட்டறையில் பேனாவும் எண்ணெய் டப்பாவில்தான் கிடக்கும், ஆதலின் சுழியும் ஊறும் என்பார். அரும்பதவுரைகாரர் இருவரையும் தள்ளி, வட்டம் சுழியும் அன்று துளியும் அன்று, டீ கிளாஸ் வைத்த தடம் என்பார். கிளாஸின் அடி அவ்வளவு சிறியதன்றே எனின், அக்காலத்துக் கிளாஸ் சிறிது என்க. டீக்குக் காசு தனி என்பதும் இதனால் பெறப்பட்டது. மூவர் உரையையும் ஒருங்கே பதிப்பிப்பவர், மூவரில் ஒருவரும் அந்த வண்டியைக் கண்டதில்லை என்று நூறு பக்க முன்னுரையில் நிறுவுவார். அவருக்கே வண்டி ஓட்ட வராது என்பதை நூல் வெளியீட்டு விழாவில் பாராட்டிப் பேசுபவர் பெருமையோடு குறிப்பிடுவார். ஜி.பி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடை பில்லின் முதுகில் இதே வட்டம் இன்னும் வட்டமாகக் கிடைக்குமானால், இக்கட்டுரையின் இரண்டாம் பதிப்பில் அது நிறப்படமாகச் சேர்க்கப்படும்.

வட்டம் எதுவாயினும் நம் வாதத்துக்கு இழப்பில்லை. ‘நல்லாத்தானே ஓடுது’ என்று வாயால் சொன்னவரே ‘சத்தம் பார்த்தது’ என்று கையால் எழுதிக் கூலி போட்டிருக்கிறார். இல்லாத பொருளுக்குக் கூலி போடும் வழக்கம் பட்டறையில் கிடையாது என்று கொண்டால், ஒலி இருந்தது, கேட்கப்படவில்லை என்பது தெளிவு. பட்டறை பற்றிய அந்த முன்கருத்தை ஏற்காதவர்களோடு நமக்கு வழக்கில்லை.

நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குப் பக்கத்து எலும்பில் வைத்துக் கேட்டால் ஒலியின் இடம் தெரிந்துவிடுமே என்று ஒரு தடை எழுப்புவர். இடம் தெரியும், ஆள் தெரியாது. ஹெட்டில் பெண்டு பைப்பு நுழையும் இடத்தில் புகை கசிந்தாலும் டேப்பட்டைப் போலவே ‘டிக் டிக்’ என்று கேட்கும். அந்த இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்பர். கண்ணால் கரியைப் பார்த்துத் தீர்க்கலாமெனில் ஒலியியல் என்ற துறை எதற்கு? பின்சீட்டில் உட்கார்ந்துவரும் மனைவிக்கு ஒலி கேட்பதில்லையே என்பது அடுத்த தடை. அது தடை அன்று, துணைச் சான்று. உறவு முன்சீட்டோடு முடிகிறது. எஞ்சினை இறக்கிப் பிரித்துப் பூட்டினால் ஒலி போய்விடுகிறதே என்பாரும் உளர். போவது அந்த ஒலி. வேறொன்று வந்துவிடும், முன்னதைவிடப் புதிதாக.

வலுவான தடை ஒன்றுதான் மிஞ்சுகிறது. ஒலி கேட்பவரைப் பொறுத்தது என்றால், கேளாமலிருக்க வழி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறீர்களே என்பது அது. வழியைச் சொந்தக்காரர்கள் முன்பே கண்டிருக்கிறார்கள். ‘டிக்’ என்ற மெல்லொலிக்குத் தூக்கம் கெட்டவர், அதே மாதத்தில் காசு கொடுத்துத் தெருவே திரும்பிப் பார்க்கும் சைலன்சரை வாங்கி மாட்டுகிறார். அதற்குப் பிறகு டேப்பட், பிஸ்டன், பிக் எண்ட் என்ற வேற்றுமைகள் அனைத்தும் மறைகின்றன; மச்சான் பேசுவதும் கேட்பதில்லை. இங்கே நம் கொள்கைக்கு ஒரு புறனடை கூறவேண்டியுள்ளது. மெக்கானிக் முன் மறையும் ஒலி, சிக்னலில் நிற்கும் வெள்ளைச் சட்டைக்காரர் முன் மறைவதில்லை. எஞ்சின் ஆறியிருந்தாலும் சூடேறியிருந்தாலும், பாரம் இழுத்தாலும் இழுக்காவிட்டாலும் அவருக்குக் கேட்கிறது. அவர் தரும் சீட்டும் இயந்திரத்தில் அச்சாகி வருவதால், அதிலுள்ள சுழிகளில் பாடபேதம் எதுவும் கிடையாது.