ஜார் பட்டம் யார் சொத்து?

கேள்வி: ‘ஜார்’ என்பது ருஷ்யச் சொல்தானா?

பதில்: வளர்ந்த இடம் ருஷ்யா, பிறந்த வீடு ரோமாபுரி. ஜூலியஸ் சீசரின் பெயரிலுள்ள ‘சீசர்’ பதவியுமன்று, பட்டமுமன்று. ஜூலியர் குலத்தின் ஒரு கிளைக்கு வழங்கிய வெறும் குடும்பப் பெயர். கி.மு. 44இல் அவர் கொல்லப்பட்டபின், உயிலின் வழியே மகனாக ஏற்கப்பட்ட ஒக்டேவியன் சொத்தோடு பெயரையும் எடுத்துக்கொண்டார். ‘அரசன்’ என்னும் சொல் காதில் விழுந்தாலே ரோமர்களுக்குக் கை வாளுக்குப் போகும் என்பதால், அச்சொல்லைத் தொடாமலே அரசாள விரும்பியவர்களுக்கு இக்குடும்பப் பெயர் வெகுவாகக் கைகொடுத்தது. கி.பி. 68இல் நீரோவோடு அந்தப் பரம்பரை அற்றுப்போன பிறகும், இரத்த உறவு சிறிதுமில்லாத பேரரசர்கள் அதனைப் பட்டமாகச் சூடிக்கொண்டனர். பழைய லத்தீனில் அது ‘கைசர்’ என்றே ஒலித்தது. ஜெர்மானியர் அவ்வொலியைக் காப்பாற்றி வைக்க, ஸ்லாவியர் நாவில் அது தேய்ந்து ‘த்ஸார்’ ஆகி, தமிழில் ‘ஜார்’ என வந்து சேர்ந்தது. 1453இல் கான்ஸ்டான்டிநோபிளைக் கைப்பற்றிய துருக்கி சுல்தான் இரண்டாம் மெஹ்மத் தம்மை ‘ரோமின் கைசர்’ என்று அழைத்துக்கொண்டார். 1547இல் மாஸ்கோவில் நான்காம் இவான் ஜாராக முடிசூடினார். ஆக, இறந்து ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் கழிந்தும் சீசருக்கு வாரிசுகள் பெருகிக்கொண்டே இருந்தார்கள்.

கேள்வி: ‘சீசர்’ என்றால் அடர்ந்த முடியுடையவர் என்று பொருளாமே?

பதில்: கூந்தலைக் குறிக்கும் லத்தீன் சொல்லோடு அதை இணைக்கும் விளக்கம் ஒன்று உண்டு. ஆனால் ஜூலியஸ் சீசர் வழுக்கையை மறைக்க முன்பக்கம் முடியை வாரிவிட்டுக்கொண்டதையும், வெற்றிமாலையை எப்போதும் அணியும் உரிமையைப் பெரிதும் விரும்பி ஏற்றதையும் வரலாற்றாசிரியர் ஸ்வெட்டோனியஸ் எழுதிவைத்துவிட்டார். தாயின் வயிற்றைக் கீறி எடுக்கப்பட்ட ஒரு முன்னோரால் வந்த பெயர் என்பது மற்றொரு விளக்கம். அந்த முன்னோர் ஜூலியஸ் சீசராக இருக்க இயலாது. அக்காலத்தில் அவ்வாறு கீறப்பட்ட தாய் பிழைப்பதில்லை, அவருடைய தாய் அவுரேலியாவோ மகன் நடுவயதைத் தாண்டும்வரை வாழ்ந்திருந்தார்.

கேள்வி: இப்பட்டம் இந்தியாவுக்கு வந்ததுண்டா?

பதில்: வந்தது. 1877இல் விக்டோரியா இந்தியப் பேரரசியாக அறிவிக்கப்பட்டபோது ‘கெய்சர்-இ-ஹிந்த்’ என்னும் பட்டம் வழங்கலாயிற்று. அதே பெயரில் அமைந்த பதக்கத்தை 1915இல் பெற்ற காந்தி, 1920இல் திருப்பி அனுப்பினார்.

கேள்வி: அரசனே இல்லாத அமெரிக்காவில் ‘ஜார்’கள் முளைத்தது எப்படி?

பதில்: வசையாகத்தான் முளைத்தார்கள். 1830களில் வங்கித் தலைவர் நிக்கலஸ் பிடிலை, அன்றைய ருஷ்யப் பேரரசரின் பெயரும் நிக்கலஸாகவே இருந்த வசதியால், எதிரிகள் ‘ஜார் நிக்கலஸ்’ என்றனர். 1890இல், அவையில் அமர்ந்துகொண்டே வருகையை ஒப்பாமல் மௌனம் காத்த உறுப்பினர்களையும் வந்தவர்களாக எண்ணிய நாடாளுமன்றச் சபாநாயகர் தாமஸ் ரீட், ‘ஜார் ரீட்’ ஆனார். ருஷ்யாவில் 1917இல் ஜார் ஆட்சி ஒழிந்தபின் சொல்லிலிருந்த அச்சமும் கரையத் தொடங்கியது; 1920இல் பேஸ்பால் விளையாட்டின் ஆணையரான நீதிபதி லாண்டிஸை ‘பேஸ்பால் ஜார்’ என்றழைத்ததில் பாதி பாராட்டு இருந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய ‘தேசியப் போதைப்பொருள் கட்டுப்பாட்டுக் கொள்கை அலுவலக இயக்குநர்’ என்னும் பதவிப்பெயர் எந்தத் தலைப்புச் செய்தியிலும் அடங்காதாகையால், பத்திரிகைகள் ‘போதைப்பொருள் ஜார்’ என்று சுருக்கிக்கொண்டன. செனட் சபையின் ஒப்புதல் கிடைக்காமல் நாற்காலியில் அமர முடியாத இந்த ஜாரை, நான்காம் இவான் ஒரு குமாஸ்தாவாகக்கூட மதித்திருக்கமாட்டார்.