எச் வரிசை, 7 முதல் 14 வரை

மால் திரையரங்கில் குடும்பத்தோடு படம் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மாலையில் நடக்கும். அதற்கான ஏற்பாடு முந்தின திங்கட்கிழமையே தொடங்கிவிடும். இந்த ஏற்பாட்டில் ஏழு கட்டங்கள் உண்டு: ஆள் சேர்த்தல், இருக்கை பிடித்தல், பணம் கட்டுதல், கிளம்புதல், வண்டி நிறுத்துதல், தின்பண்டம், படம். எந்தப் படம் என்பதை எப்படி முடிவு செய்வது என்பது கடைசிக் கட்டத்தில் விளக்கப்படும்.

சென்னையில் முன்பு இவ்வளவு பாடு இருந்ததில்லை. தீக்கிரையாகி, பிறகு புதிதாகக் கட்டப்பட்ட ஸ்பென்சர் பிளாசாவுக்குப் போனவர்கள் ஏ.சி. காற்று வாங்கினார்கள், எஸ்கலேட்டரில் ஏறி இறங்கினார்கள், வீட்டுக்கு வந்தார்கள். படம் பார்க்க வேண்டியவர்கள் அதே அண்ணா சாலையில் தேவி காம்ப்ளெக்ஸ் கவுன்ட்டரில் நின்றார்கள். பிறகு மால்களின் காலம் வந்தது. 2009-இல் அமைந்தகரையில் ஆம்பா ஸ்கைவாக், 2010-இல் ராயப்பேட்டையில் எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2013-இல் வேளச்சேரியில் பீனிக்ஸ், அதே ஆண்டில் வடபழனியில் விஜயா மால் என்று வரிசையாகத் திறந்தன. கடையும் சினிமாவும் ஒரே கூரைக்குள் வந்தன. இரண்டு வேலை ஒன்றானது, ஏற்பாடு மட்டும் நாலு மடங்கானது.

ஆள் சேர்ப்பதற்கு வாட்ஸ்அப்பில் ‘சண்டே மூவி’ என்று தனிக் குழு தொடங்கப்படும். ஏற்கெனவே இருக்கும் குடும்பக் குழுவில் சொன்னால் எல்லோரும் வந்துவிடுவார்கள் என்பதால் இந்த முன்னெச்சரிக்கை. முதல் இரண்டு நாள் பதில்கள் கட்டைவிரல் படங்களாகவே வரும். கட்டைவிரல் காட்டியவர் வருகிறாரா, செய்தியைப் படித்துவிட்டாரா என்பது போன் போட்டுக் கேட்டால்தான் தெரியும். புதன்கிழமைக்குள் ஆள் கணக்கு முடிந்துவிடும். பாட்டி, அப்பா, அம்மா, அத்தை, சித்தி, மகள், மாப்பிள்ளை, பிளஸ் டூ படிக்கும் பையன் என எட்டுப் பேர் கொண்ட குடும்பத்தை மாதிரிக்கு எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது இருக்கை பிடித்தல். கைபேசியில் அரங்கத்தின் வரைபடம் வரும். பல வரைபடங்களில் வெள்ளித்திரை கீழ்ப்பக்கம் இருக்கும். அதாவது படத்தில் கீழே இருப்பது அரங்கில் முன்னால் இருப்பது. இதை அப்பாவுக்கு விளக்கக் கைபேசியைத் திருப்பிப் பிடித்தால், படமும் கூடவே திரும்பிக்கொள்ளும். ஏ வரிசை சில அரங்குகளில் முதல் வரிசை, சில அரங்குகளில் கடைசி வரிசை. இது தெரியாமல் பதிவு செய்து, மூன்று மணி நேரம் கதாநாயகனின் மூக்குத் துவாரத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தவர்கள் ஊரெல்லாம் உண்டு.

வரிசை முடிவானதும் யார் எங்கே உட்காருவது என்ற பேச்சு வரும். பாட்டிக்கு ஓர இருக்கை வேண்டும், பாத்ரூம் பக்கமாக இருக்க வேண்டும், படி அதிகம் ஏறக் கூடாது, கழுத்தையும் தூக்கக் கூடாது, ஏ.சி. தலைக்கு மேல் ஊதக் கூடாது. திரையில் வருவது யார், போன படத்தில் செத்தவன்தானே இவன் என்றெல்லாம் கேட்பதற்குப் பக்கத்தில் அம்மா வேண்டும். அம்மாவுக்கு மறுபக்கம் அப்பா. முதல் பாட்டு முடிவதற்குள் அவர் தூங்கிவிடுவார். குறட்டை எழும்பும்போது முழங்கையால் இடிக்கும் உரிமை அம்மாவுக்கு மட்டுமே உண்டு. மாப்பிள்ளைக்கு நடு இருக்கை தராவிட்டால் மரியாதைக் குறைவு. ஆனால் அவருக்கு ஆபீஸ் கால் வரும் என்பதால் ஓரம்தான் வசதி. ஓரம் கொடுத்தால், மாப்பிள்ளையை ஓரங்கட்டிவிட்டார்கள் என்று சம்பந்தி வீட்டில் பேச்சு வரும். மகளுக்கு மாப்பிள்ளை பக்கம் இருக்க வேண்டும். சித்திக்கு மகள் பக்கம் இருக்க வேண்டும். அத்தை சித்தி பக்கம் இருக்கவே கூடாது. வளைகாப்புச் சீரில் தொடங்கிய அந்த விவகாரம் பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது என்பதால், இருவருக்கும் நடுவில் விஷயம் தெரியாத ஒருவரை, ஆனால் காரணம் சொல்லாமல், உட்கார வைக்க வேண்டும். இந்தப் பதவிக்குப் பொருத்தமானவன் பையன் ஒருவன்தான். அவனோ இரண்டு வரிசை தள்ளி, இந்தக் குடும்பத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லாத தோரணையில் உட்கார விரும்புவான்.

எட்டுப் பேரை எட்டு நாற்காலியில் 40,320 விதமாக உட்கார வைக்கலாம் என்பது கணக்கு. மேற்படி நிபந்தனைகளைப் போட்டு வடிகட்டினால் தேறுவது ஒன்றோ இரண்டோ. அதையும் அத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்வதற்குள் வரிசையின் நடுவில் இரண்டு கட்டங்கள் சாம்பல் நிறமாகிவிடும், யாரோ வாங்கிவிட்டார்கள். ஜி வரிசையில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஜி போனால் எச். புதன்கிழமை இரவு பதினொரு மணி வாக்கில் எச் 7 முதல் 14 வரை சிக்கும்.

இப்படிப் பிடித்த இடத்தின் கதி என்ன என்பதற்குப் போன ஞாயிற்றுக்கிழமை சென்னை மால் ஒன்றில் நடந்ததே சான்று. எச் 9, 10, 11-இல் மூவர் ஏற்கெனவே சாய்ந்திருந்தார்கள். கையில் பாதி தீர்ந்த பாப்கார்ன். அவர்களுடைய டிக்கெட் எஃப் வரிசைக்கு. “ஃபேமிலியா வந்திருக்கோம், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க சார்” என்றார் ஒருவர். “நாங்க மட்டும் என்ன, பஜனை கோஷ்டியா?” என்று அத்தை கேட்டார். டார்ச் லைட்டோடு வந்த ஊழியர், படம் ஆரம்பித்துவிட்டது, சத்தம் போடாதீர்கள் என்று நாற்காலிக்கு உரியவர்களிடம் சொன்னார். முடிவில் எஃப் வரிசைக்கு அனுப்பப்பட்டவர்கள் அப்பா, அத்தை, சித்தி. அத்தையும் சித்தியும் அடுத்தடுத்து. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக இருவரும் கடைசிவரை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அன்றைக்குப் படத்தை முழுதாகப் பார்த்தவர்கள் அவர்கள் இருவரே. அப்பாவின் குறட்டையை நிறுத்த அங்கே ஆளில்லை. ரயிலில் லோயர் பெர்த்தை மாற்றிக் கேட்பவருக்காவது முழங்கால் வலி இருக்கும். தன் நாற்காலியின் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்தவர் நாற்காலியில் உட்கார்ந்து, வந்தவரை அட்ஜஸ்ட் பண்ணச் சொல்பவருக்கு இருப்பது எந்த வலி என்று மருத்துவம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. விட்டுக்கொடுக்காதவர்தான் அங்கே அற்பராகத் தெரிவார் என்பது இதில் கூடுதல் அநியாயம்.

பணம் கட்டுதல் சற்றே சுருக்கமானது. தமிழக அரசு 2017 அக்டோபரில், ஏ.சி. மல்டிபிளெக்ஸ் டிக்கெட்டுக்கு வரி நீங்கலாக 150 ரூபாய் உச்சவரம்பு வைத்தது. 100 ரூபாயைத் தாண்டிய டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. முதலில் 28 சதவீதமாக இருந்து, 2019 முதல் 18 சதவீதமானது. அதற்கு மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரி உண்டு. இதற்கெல்லாம் அப்பால் இணையவழிக் கட்டணம் என்று ஒன்று இருக்கிறது. பொத்தானை ஒரே தடவைதான் அழுத்துகிறோம்; கட்டணம் மட்டும் டிக்கெட்டுக்கு ஒன்றாக எட்டுத் தடவை. இருக்கைகளைச் சில நிமிடம்தான் பிடித்து வைப்பார்கள். திரையின் மூலையில் நேரம் குறைந்துகொண்டே வரும்போது ஓடிபி அப்பாவின் போனுக்கு வரும். போன் பூஜை அறையில் சார்ஜில் இருக்கும். போன் கிடைத்து, கண்ணாடி கிடைத்து, “ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு பேங்க்ல சொல்லியிருக்கான்” என்ற அறிவுரையும் கிடைத்து முடிந்தபின் எண் கிடைக்கும்.

கிளம்பும் நேரம் ஆளுக்கு ஆள் மாற்றிச் சொல்லப்பட வேண்டியது. ஆறரை மணிக் காட்சி என்றால் அத்தையிடம் ஐந்தரை என்றும், பையனிடம் ஆறு என்றும் சொல்ல வேண்டும். பாட்டியிடம் சொல்லவே வேண்டாம். அவர் மூன்று மணிக்கே புடவை மாற்றிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்துவிடுவார். வடபழனிக்கு 2015 முதல் மெட்ரோ ஓடுகிறது. ஆனால் பாட்டிக்குச் சிரமம் என்ற காரணத்தால் எல்லோரும் காரில் போவார்கள். எட்டுப் பேருக்கு ஒரு கார் போதாது என்பதால் இரண்டு காரில் போவார்கள்.

பார்க்கிங் பெரும்பாலும் பாதாளத்தில், திரையரங்கு உச்சியில். இது தற்செயல் இல்லை. படத்துக்கு வருகிறவர் எல்லாக் கடைகளையும் கடந்து ஏற வேண்டும், கடந்து இறங்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. பல மால்களில் ஒரு எஸ்கலேட்டர் முடியும் இடத்தில் அடுத்தது தொடங்காது. அரைச் சுற்று நடக்க வேண்டும். அந்த அரைச் சுற்றில் சித்தி காணாமல் போவார். அடித்தளத்தில் சிக்னல் கிடைக்காது என்பதால் மற்றொரு கார் எங்கே நிற்கிறது என்பதும் தெரியாது.

திரையரங்க வாசலில் பைகளைச் சோதிப்பார்கள். வெளி உணவைத் தடுக்கத் திரையரங்குக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொன்னது. குடிநீர் இலவசமாகக் கொடுக்க வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்பதையும் அதே தீர்ப்பு பதிவு செய்தது. பாட்டியின் முறுக்கு இந்த விலக்கில் அடங்காது. அதனால் அது சோதனைச் சாவடியிலேயே நின்றபடி தின்று தீர்க்கப்படும். உள்ளே பாப்கார்ன். 2024 டிசம்பரில் ஜெய்சல்மேரில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம் பாப்கார்னைப் பற்றியே விளக்கம் கொடுத்தது: உப்பும் மசாலாவும் தூவிச் சில்லறையாக விற்றால் 5 சதவீதம், பொட்டலமிட்டுப் பெயர் ஒட்டினால் அப்போது 12, சர்க்கரைப் பாகு சேர்த்தால் 18. விலை ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு எந்த மன்றமும் விளக்கம் கொடுக்கவில்லை.

டிக்கெட்டில் அச்சிட்ட நேரம் படம் தொடங்கும் நேரம் அன்று. நகைக்கடை விளம்பரம் தொடங்கும் நேரம். 4.05 காட்சிக்குப் போய் 4.30 வரை விளம்பரம் பார்த்த பெங்களூருக்காரர் ஒருவர் வழக்குப் போட்டார். 2025-இல் நுகர்வோர் ஆணையம் அவருக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. உயர் நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்துவிட்டது. விளம்பரங்கள் தொடர்கின்றன.

கடைசியாக, எந்தப் படம் என்ற கேள்வி. எட்டு இருக்கை சேர்ந்தாற்போல் எதற்குக் கிடைக்கிறதோ அந்தப் படம். நல்ல படம் என்றால் எட்டு இருக்கை கிடைக்காது. எட்டு இருக்கை கிடைத்தால் ஏன் கிடைத்தது என்பது இடைவேளைக்குள் தெரிந்துவிடும். புதிய தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் சில வாரங்களில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. குடும்பத்தோடு பார்ப்பதற்கு அதுவே போதும். அதுவரை பொறுக்க முடியாதவர் வேலைநாளில் காலைக் காட்சிக்கு, யாரிடமும் சொல்லாமல், தனியாகப் போய்வரலாம்.